உள்பக்கத்து மூச்சு

இது நடந்தது. கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். சம்பந்தப்பட்ட ஐந்து பேரும் இன்றைக்கும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தனித்தனியே விசாரித்தாலும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் பேச்சு மாறவில்லை. ஆறாவதாக ஒருவர் இருக்கிறாரா, இல்லையா... அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை.

அவரை எல்லோரும் லென்ஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் மனைவியிடம் ஒருமுறை யாரோ கேட்டார்கள். "அத ஏன் கேக்குறீங்க" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா.

கடைக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் வால்வு. பழைய ரேடியோவின் முதுகைத் திறந்தால் சின்ன விளக்குகள் மாதிரி கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்குமே, அவைதான். குப்பிக்குள் காற்று இருக்காது. தொழிற்சாலையிலேயே பொட்டுக் காற்றில்லாமல் உறிஞ்சி எடுத்து மூடியிருப்பார்கள். உச்சியில் உள்பக்கமாக வெள்ளிப்பூச்சு ஒன்று பளபளக்கும். அது பளபளக்கும் வரை குப்பிக்குள் வெறுமை பத்திரம். எங்காவது மயிரிழை விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால்போல வெளுத்துவிடும். வெளுத்த வால்வு செத்த வால்வு. அதற்குப் பிறகு அதில் எரிவதற்கும் பேசுவதற்கும் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு வால்வின் மேலும் அதன் எண் அச்சடித்திருக்கும். நாள்பட்டதில் அந்த எழுத்து அழிந்து போயிருக்கும். எண் அழிந்த வால்வு ஊர் பேர் தெரியாத ஆள் மாதிரி; யாரும் வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்டவை லென்ஸ்காரரிடம் வரும். கால் எத்தனை, உள்ளே தகடு எப்படி மடங்கியிருக்கிறது, உச்சி உருண்டையா தட்டையா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தே பாதி வால்வுகளின் பெயரைச் சொல்லிவிடுவார். அதிலும் பிடிபடாதவற்றுக்கு ஒரு வழி வைத்திருந்தார். வாயருகே கொண்டுபோய், ஹா... என்று மெல்ல ஊதுவார். கண்ணாடி மங்கும். மை போனாலும் மை இருந்த இடத்தில் மட்டும் மங்கல் வேறு மாதிரி படியும். கண்ணிமைக்கும் நேரத்துக்கு எண் தெரியும். மங்கல் கலைந்ததும் போய்விடும். வால்வு சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் இது. மூக்குக் கண்ணாடியை நாளெல்லாம் ஊதித் துடைக்கிறவர் என்பதால் அவருக்குக் கைவந்த கலையாகவே ஆகிவிட்டது.

"ஊதுறதுதான் இவருக்குத் தொழிலு, ஊதுறதுதான் பொழுதுபோக்கு. வீட்டு வேல சொன்னா மட்டும் மூச்சு வாங்கும்" என்பார் மனைவி. அந்த அம்மா நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர். மூச்சைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு.

ஒருநாள் உச்சிவெயிலில் தையல்காரம்மா கடைக்கு வந்தார். அடுத்த தெருவில் மாடியில் தையல் கடை போட்டிருந்தவர். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று புதுக் கண்ணாடிக்குக் கொடுத்திருந்தார். அதை வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று லென்ஸ்காரர் நினைத்தார். ஆனால் அவர் கையில் சணல் கயிறு சுற்றிய ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

"பழைய ரேடியோ சாமான்லாம் சேக்குறீங்களாமே."

"ஆமாம்மா. என்ன இருக்கு?"

"நாங்க குடிவந்த வீட்டுல, அலமாரிக்கு மேல கெடந்துச்சு. வெச்சுக்குங்க."

"வெல ஏதாச்சும்..."

"ஒண்ணும் வேணாம்." பெட்டியை மேஜையின் மேல் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார். "ஒடைக்க மட்டும் ஒடைச்சுராதீங்க."

லென்ஸ்காரர் சிரித்தார். "நானா? பெத்த புள்ள மாதிரி பாத்துக்குவேன்."

தையல்காரம்மா சிரிக்கவில்லை. "திருப்பிக் கொண்டு வந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். புதுக் கண்ணாடி தயாராக உறைக்குள் இருந்தது. அதை வாங்க மறந்தே போனார்.

வீட்டில் பெட்டியைத் திறக்க விடுமுறை நாள்தான் வாய்த்தது. அன்று காலையிலிருந்தே மழை. பகல் முழுக்க வெளிச்சம் சாம்பல் நிறத்தில் ஜன்னலோடு நின்றுவிட்டது. பக்கத்து அறையில் மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பின்னறை ஜன்னலோர மேஜையில் லென்ஸ்காரர் கயிற்றை அவிழ்த்தார்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் தெரிந்த முகங்கள். சில வெளுத்துச் செத்திருந்தன. ஒன்றிரண்டு நல்லவை. அடியில் ஒரு சின்னக் கறுப்புத் துணிப்பை கிடந்தது. தடித்த துணி. வாய்ப்பக்கத்தை நெருக்கமான தையலில் மூடியிருந்தது. தைத்த மேலேயே மறுபடியும் ஒரு தையல்.

"தையல்காரம்மா வால்வுக்குச் சட்ட தெச்சுக் குடுத்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார்.

"உங்க சட்டையக் குடுத்து எத்தன நாளாச்சு, அது வரல. வால்வுக்கு வந்துருச்சா" என்றது பக்கத்து அறை.

பிளேடால் தையலைப் பிரித்தார்.

பழுப்பு நிற அடிக்கட்டை, எட்டுக் கால், நடுத்தர உயரம். கண்ணாடியில் லேசாக ஓர் அலை ஓடியது. உச்சியில் வெள்ளி, முகம் பார்க்கலாம்போலப் பளபளத்தது. உள்ளே சாம்பல் நிறத் தகடு. எண் இல்லை. முத்திரை இல்லை. தகடு மடங்கியிருந்த விதம் அவர் இதுவரை பார்த்த எதனோடும் ஒத்துப்போகவில்லை.

அவருக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று கையில் மாட்டியதில்லை.

வாயருகே கொண்டுபோனார். ஹா...

எண் தெரியவில்லை. திருப்பினார். இன்னொரு முறை ஊதினார். எழுத்து இல்லை, கோடுகூட இல்லை. சரி, பிறகு பார்க்கலாம் என்று மேஜையில் நிறுத்திவிட்டு, ஆறிப்போயிருந்த தேநீரைக் குடித்து முடித்தார்.

திரும்பிப் பார்த்தபோது கண்ணாடி மங்கலாகவே இருந்தது.

ஊதிய மங்கல் இவ்வளவு நேரம் நிற்காது. துணியை எடுத்துத் துடைத்தார். போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கண்ணாடி கீச்சென்றது. மங்கல் அப்படியே இருந்தது. கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

மங்கல் உள்பக்கம் இருந்தது.

முதலில் அவருக்குத் தோன்றியது, காற்று புகுந்துவிட்டது என்பதுதான். ஆனால் வெள்ளி வெளுக்கவில்லை. பளபளவென்று இருந்தது. அப்படியானால் உள்ளே காற்றில்லை, ஈரமில்லை, ஒன்றுமே இல்லை. இல்லாத காற்றில் ஏது மங்கல்?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கல் கலைந்தது. கண்ணாடி தெளிந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தார்.

மறுபடியும் மங்கியது.

நடுவில் ஒரு வட்டம். அங்கிருந்து ஓரங்களுக்குப் பரவியது. நின்றது. கலைந்தது. மறுபடியும் வட்டம்... ஜன்னல் கண்ணாடியில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டு யாராவது வெளியே பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி.

லென்ஸ்காரர் பயந்த சுபாவக்காரர் இல்லை. கண்ணால் பார்த்ததை லென்ஸால் பார்க்கிறவர், லென்ஸால் பார்த்ததை மீட்டரில் வைத்துப் பார்க்கிறவர். மீட்டரை எடுத்தார். உள்ளே சூடேறி எரிகிற இழைக்குரிய இரண்டு கால்களிலும் முனைகளை வைத்தார். இழை அறுந்திருந்தால் முள் அசையாது. நல்லதாயிருந்தால் ஒரே எட்டில் போய் நிற்கும்.

முள் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மெல்ல ஏறியது.

கண்ணாடி மங்கும்போது ஏறியது. தெளியும்போது இறங்கியது.

இந்த இடத்தில் பையில் போட்டு மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவரே அப்படித்தான் சொல்கிறார். ஆனால் பெயர் தெரியாத ஒரு வால்வைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அலமாரியில் ஒரு பழைய மேஜை ரேடியோ இருந்தது. எட்டுக் கால் வால்வு ஒன்று இல்லாமல் ஊமையாகக் கிடந்தது அது. இறக்கி வைத்தார். காலியான குழியில் இதைச் செருகினார். பொருத்தமாக உட்கார்ந்துகொண்டது. சுவிட்சைப் போட்டார்.

மற்ற வால்வுகள் மெல்லச் சிவந்தன. இதுவும் சிவந்தது. ஸ்பீக்கரில் ம்ம்ம்... என்று இரைச்சல். எப்போதும் வருவதுதான். முள்ளைத் திருகி நிலையம் தேடினார்.

ஸ்ஸ்ஸ்...

ஹா...

ஸ்ஸ்ஸ்...

ஹா...

பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டி நின்றது. "என்னங்க. இரைக்குதா உங்களுக்கு?"

"இல்லையே."

"மூச்சு வாங்குற சத்தம் கேக்குது."

"ரேடியோம்மா."

மனைவி கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றார். நீச்சல்காரர் அல்லவா, மூச்சின் சத்தம் அவருக்கு அத்துப்படி.

"இது ரேடியோ இல்ல. யாரோ ரொம்ப நேரம் அடக்கி வெச்சிருந்துட்டு விடுறாங்க" என்றார். "அமத்துங்க அத. கேக்கவே நல்லா இல்ல."

"இதோ" என்றார். மனைவி இஸ்திரிக்குப் போய்விட்டார்.

சத்தம் குறைக்கும் திருகைக் கடைசி வரை திருகினார். மூச்சு குறையவில்லை. ஏரியல் கம்பியைப் பிடுங்கினார். குறையவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் கழற்றிக் கையில் பிடித்தார்.

ஸ்ஸ்ஸ்... ஹா...

ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது.

ரேடியோவின் முதுகுக்குப் பின்னால் குனிந்தார். முகத்துக்கு நேரே அந்த வால்வு. உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். தான் மூச்சை வெளியே விடும்போது கண்ணாடி தெளிகிறது. தான் உள்ளே இழுக்கும்போது மங்குகிறது.

தான் விடுவதை அது இழுக்கிறது. அது விடுவதைத் தான் இழுக்கிறார்.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தார். வேகமாக மூச்சு விட்டுப் பார்த்தார். அதுவும் வேகமானது. மெதுவாக்கினார். மெதுவானது.

அப்புறம் அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். சோதித்துப் பார்ப்பதற்காக, தன் மூச்சை நிறுத்தினார்.

கண்ணாடி நின்றது. மங்கலும் இல்லாமல் தெளிவும் இல்லாமல், பாதியில்.

வெளியே மழைச் சத்தம் மட்டும்.

அதுவும் காத்திருந்தது.

போதும் என்று மூச்சை இழுத்தார்.

வரவில்லை.

வாயைத் திறந்தார். மார்பை விரித்தார். காற்று உள்ளே நுழையவில்லை. தொண்டையில் அடைப்பு ஒன்றுமில்லை. வலியில்லை. சும்மா... வரவில்லை.

கண்ணாடி அசையவில்லை.

இப்போது அது அடக்கிக்கொண்டிருந்தது.

நாற்காலி சரிந்தது. சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தார். கணவரின் உதடு நீலமாகியிருந்தது. "என்னங்க... என்னங்க..." தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கை நீட்டி ரேடியோவின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே என்ன என்று பார்க்க அந்த அம்மா குனிந்தார். ஓடி வந்த மூச்சு. சூடான மூச்சு.

நேராகக் கண்ணாடியில் பட்டது.

லென்ஸ்காரருக்குச் சட்டென்று காற்று வந்தது. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதுபோல அறை முழுக்கக் காற்று. இருமினார். கண்ணில் நீர் முட்டியது. "அப்பா..." என்று மனைவியைப் பார்த்தார்.

மனைவி குனிந்தபடியே நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை.

குளத்தின் அடியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வருகிற பெண். மூச்சு இல்லாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. அதனால்தான் கண்களில் முதலில் பயமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது. கணவரின் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

லென்ஸ்காரர் சுவிட்சை அணைத்தார். மற்ற வால்வுகள் மங்கி அணைந்தன.

இது அணையவில்லை.

பிடுங்கினார். எரிகிற வால்வு கையைச் சுட வேண்டும். சுடவில்லை. ஜில்லென்று இருந்தது. ஒயரும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் அவர் உள்ளங்கையில் அது ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது. ஓங்கினார், தரையில் அடிக்க.

மனைவியின் முழங்கால் மடிந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவளை விடு என்று கேட்க வாய் வரவில்லை. யாரிடம் கேட்பது? வாயருகே கொண்டுபோனார். உடம்பில் இருந்த மூச்சை எல்லாம் சேர்த்து அதன்மேல் ஊதினார்.

ஹா...

மனைவி தரையில் உட்கார்ந்து, பிளிறுவதுபோல ஒரு மூச்சு இழுத்தார்.

லென்ஸ்காரருக்கு நின்றது.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேஜையின் விளிம்பு தெரிந்தது. பிளேடு தெரிந்தது. கறுப்புத் துணிப்பை தெரிந்தது. எதற்காக அதைத் தைத்து வைத்திருந்தார்கள் என்று அந்த நொடியில் அவருக்குப் புரிந்தது. பையை இழுத்து வால்வின்மேல் கவிழ்த்தார். முடிச்சுபோல முறுக்கினார்.

காற்று வந்தது.

இருவரும் தரையில் கிடந்தார்கள். பிறகு மனைவி எழுந்து போய் ஊசியும் நூலும் கொண்டு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பையின் வாயைத் தைத்தார். தைத்த மேலேயே இன்னொரு தையல் போட்டார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் காலையில் லென்ஸ்காரர் தையல்காரம்மாவின் மாடிக்குப் போனார். கையில் அவர் வாங்காமல் விட்டுப்போன கண்ணாடி. கதவைத் திறந்த அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ஊதிட்டீங்களா" என்றார்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"எங்கிட்ட வேற வழியில்ல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. என் பொண்டாட்டி செத்துப் பொழச்சா."

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

உள்ளே ஒரு கட்டிலில் இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சி" என்றார் தையல்காரம்மா. குரல் தாழ்ந்தது. "தூசி படிஞ்சிருக்குன்னு ஊதினா. அவ்ளோதான். சுத்தியல எடுத்தேன், ஒடைச்சுரலாம்னு. எடுத்தவொடனே இவ நெஞ்சு நின்னுச்சு. கீழ வெச்சுட்டேன். துணி போட்டு மூடினாதான் விடுதுன்னு கண்டுபிடிச்சேன்."

"இப்ப எப்படி இருக்கா?"

"முழிச்சிருக்கும்போது ஒண்ணுமில்ல. தூங்குறப்போ யாராச்சும் பக்கத்துல இருக்கணும். நடுவுல நின்னுரும். தட்டுனா வரும்." கண்ணாடியை வாங்கிக்கொண்டார். "உங்க வீட்டம்மாவையும் பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார். அந்தம்மா சொன்னது சரிதான். மனைவி தூங்கும்போது மூச்சு நடுவில் நிற்கும். லென்ஸ்காரர் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒன்றும் படாது. தோளைத் தட்டுவார். ஒரு விக்கலோடு மீண்டும் தொடங்கும். மருத்துவர் பார்த்தார். நுரையீரல் அருமையாக இருக்கிறது என்றார். லென்ஸ்காரர் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. தனக்கு அப்படி ஏதும் நேர்வதாக மனைவி சொல்லவில்லை.

இப்படிச் சில வாரங்கள். பிறகு சரியாகிவிட்டது. உண்மையிலேயே சரியாகிவிட்டது. புறங்கையை வைத்தால் மூச்சு சீராகப் பட்டது. நிற்கவே இல்லை. நீச்சல் குளத்திலும் பழையபடி இறங்கத் தொடங்கினார். "இப்பல்லாம் தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்க முடியுதுங்க. மேல வரணும்னே தோணல" என்று சொல்லிச் சிரித்தார். கணவரும் சிரித்தார். அன்றுதான் அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

தூங்கி எழுந்ததும், அந்தப் பை பூட்டிய பெட்டிக்குள் இருப்பது உறுத்தியது. அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் விட அவரால் முடியவில்லை. ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் செய்து தருகிற ஓர் அம்மாவை அவருக்குத் தெரியும். தீக்குழலுக்கு முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்து கண்ணாடியை ஊதுகிறவர். அவரிடம் கொண்டுபோனார்.

"ஒரே ஒரு நிபந்தனை. வாயையும் மூக்கையும் கட்டிக்கிட்டுப் பாக்கணும்."

"வெஷமா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

அந்த அம்மா அதிகம் கேட்கிறவரில்லை. துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டார். பையைப் பிரித்து, வால்வை விளக்குக்கு எதிரே பிடித்துச் சுழற்றினார். லென்ஸ்காரர் கதவோரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கட்டையைச் சூடு காட்டிக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் படபடவென்று பொறி பாயும் சத்தம், இரண்டு முறை.

"இது எரிஞ்சுதா?" என்றார் கடைசியில்.

"எரிஞ்சுது. நானே பாத்தேன்."

"எரிஞ்சிருக்காது. உள்ள இழையே இல்ல. தகடுதான் இருக்கு. அடியில எட்டுக் காலுக்கும் ஒரு ஒயர்கூட வரல. சும்மா ஒட்டி வெச்ச காலு. உச்சில இருக்குறது வால்வு வெள்ளி இல்ல, முகம் பாக்குற கண்ணாடிக்குப் பூசுற பூச்சு. கடை வாசல்ல காட்சிக்கு வெப்பாங்களே, அந்த மாதிரி பொம்ம வால்வு."

மீட்டரின் முள் ஏறி இறங்கியது லென்ஸ்காரர் கண்ணுக்குள் இருந்தது.

"கண்ணாடி வாயால ஊதினது. அச்சுல போட்டது இல்ல. இன்னொண்ணு, காத்த உறிஞ்சி எடுக்குறதுக்கு ஒரு குழாய் விட்டு அப்புறமா உருக்கி மூடுவாங்க. அந்தத் தழும்பு எங்கயும் இல்ல. ஊதுன கையோட மூடியிருக்காங்க." கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா ஊதினவங்க மூச்சுதான் உள்ள இருக்கணும்."

"இருக்கு" என்றார் லென்ஸ்காரர். "உள்ளதான் இருக்கு."

"அதான் புரியல."

அந்த அம்மா மேஜையில் இருந்த மின்பொறிக் கருவியைக் காட்டினார். குடுவைக்குள் காற்று இருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிக்கிற கருவி. கண்ணாடியோரம் கொண்டுபோனால் பொறி விதவிதமாகப் பாயும். காற்று இருந்தால் ஒரு மாதிரி, கொஞ்சம் இருந்தால் ஒரு நிறம், ஒன்றுமே இல்லாவிட்டால் நிறமே வராது.

"ரெண்டு தடவ வெச்சுப் பாத்துட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல. நல்ல வால்வுலகூட இவ்ளோ வெறுமையா இருக்காது. வெடிப்பு இல்ல, ஓட்டை இல்ல. மூடுறப்போ உள்ள இருந்த மூச்சு இப்ப உள்ள இல்ல. வெளிய வர்றதுக்கு வழியும் இல்ல."

முகத்துணியை அவிழ்த்தார். லென்ஸ்காரர் தடுப்பதற்குள், பழக்க தோஷத்தில் கண்ணாடியின்மேல் ஊதிவிட்டார்.

வெளிப்பக்கம் மங்கியது. உடனே கலைந்தது.

உள்பக்கம் தெளிவாகவே இருந்தது. அந்த அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெறும் கண்ணாடி.

உள்ளே இருந்தது எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் தோன்ற, லென்ஸ்காரர் வீட்டுக்கு ஓடினார். வால்வை அங்கேயே விட்டுவிட்டார்.

மாலை வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. குளத்திலிருந்து வந்த மனைவி சோபாவில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமுடி இன்னும் ஈரம். முகம் அமைதியாக இருந்தது. லென்ஸ்காரர் சத்தமில்லாமல் மண்டியிட்டு, மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தார்.

மூச்சு பட்டது. சீராக. உள்ளே, வெளியே.

நிம்மதியாக இருந்தது. எழப்போனார்.

அப்போதுதான் இத்தனை நாளும் பார்க்காத இடத்தைப் பார்த்தார். மனைவியின் மார்பு.

அசையவில்லை.

வயிறு அசையவில்லை. தோள் அசையவில்லை. இன்னொரு கையை மெல்ல விலாவில் வைத்துப் பார்த்தார். மரம்போல இருந்தது.

புறங்கையில் மட்டும் மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே... வெளியே... உள்ளே...

கண் திறந்து, "எப்ப வந்தீங்க?" என்றார் மனைவி.

"இப்பதாம்மா" என்றார்.

இன்றைக்கும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மனைவி காலையில் குளத்துக்குப் போகிறார், மாலையில் திரும்புகிறார், கணவரைக் கிண்டல் செய்கிறார். நல்ல ஆரோக்கியம். லென்ஸ்காரர் இதை அவரிடம் சொல்லவில்லை. மனைவி தூங்கும்போது மட்டும், பக்கத்தில் முழித்துக்கொண்டு படுத்திருக்கிறார். மனைவிக்குள்ளிருந்து மூச்சு விடுகிற அதை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. நின்றுவிட்டால் மனைவி மறுபடியும் சொந்தமாக மூச்சு விடுவாரா என்று அவருக்குத் தெரியாது.